ஹில்டெகார்ட் பாட்டியின் ஊர்களில் ஐந்து நாள்

செப்டம்பர் 14, ஞாயிறு – டிசிபோடென்பெர்க்

ஷ்டாவ்டர்ன்ஹைம் ஸ்டேஷனில் என்னோடு இறங்கியவர் ஒரே ஒருவர். அவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் தெரு மூலையில் மறைந்துவிட்டார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கடை எதுவும் திறந்திருக்கவில்லை, ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான். இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது, இது தெரியாதது இல்லை, ஆனால் காலையில் ஃபிராங்க்ஃபுர்ட்டில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் கட்டிவைத்த ரொட்டியைச் சமையலறை மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பன்னிரண்டு வருஷம் பாடினவள் நான். அங்கே இருந்தவரை ஹில்டெகார்ட் என்ற பெயரைக் கேட்டதில்லை. இங்கே வந்தபிறகு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு மாவுப் பையில் முதலில் பார்த்தேன். அப்புறம் மூலிகைத் தேநீர், பிஸ்கட், தலைவலித் தைலம் என்று எதை எடுத்தாலும் அதே பெயர். யாரோ நாட்டு வைத்தியம் தெரிந்த பழைய காலத்துக் கன்னியாஸ்திரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போன குளிர்காலத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர் அவருடைய பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஒரே ஒரு குரல், பக்கவாத்தியம் கிடையாது. கீழே எங்கேயோ தொடங்கி, மூச்சு வாங்காமல் மேலே மேலே ஏறி, இனி ஏற இடமில்லை என்று நான் நினைத்த இடத்திலிருந்தும் இன்னொரு படி ஏறியது. 12-ஆம் நூற்றாண்டில், இந்த நாட்டு மடம் ஒன்றின் தலைவியாக இருந்த ஒரு பெண் எழுதிய மெட்டு. எழுபதுக்கும் மேல் இப்படி எழுதி வைத்திருக்கிறார். அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் அவர் ஒரு புனிதர், திருநாள் செப்டம்பர் 17, அதையொட்டி ஐந்து நாள் லீவு போட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து மலைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நடை. நாஹே ஆறும் கிளான் ஆறும் கூடுகிற இடத்தில் எழும்பி நிற்கும் சின்ன மலை, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். டிசிபோட் என்ற அயர்லாந்துத் துறவி 7-ஆம் நூற்றாண்டில் வந்து தங்கிய மலை என்பதால் அந்தப் பெயர். இப்போது மேலே மடம் இல்லை. 1559-இல் மடத்தைக் கலைத்த பிறகு, சுற்று வட்டாரத்தில் வீடு கட்டினவர்களெல்லாம் இங்கிருந்துதான் கல் எடுத்துப் போயிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது இடுப்பளவு, தோளளவு சுவர்கள். அவற்றின் மேலேயே மரங்கள் வளர்ந்து, வேர்கள் கல்லைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. பீடம் இருந்த இடத்தில் புல். ஈரமான இலை வாசனை. நான் போனபோது வேறு யாரும் இல்லை.

ஹில்டெகார்ட் 1098-இல் பிறந்தவர். எட்டு வயதிலேயே பெற்றோர் அவரைக் கடவுளுக்கு நேர்ந்து கொடுத்துவிட்டார்கள். 1112 நவம்பர் 1, பதினான்கு வயதில், யுட்டா என்ற பிரபு குலத்துப் பெண்ணோடு இந்த ஆண்கள் மடத்தை ஒட்டிய அறையில் அடைக்கப்பட்டார். அடைக்கப்பட்டார் என்பது அப்படியே உண்மை, உலகத்துக்குச் செத்தவர்கள் என்று சடங்கு செய்து கதவை மூடுவார்கள். யுட்டாதான் அவருக்கு பைபிள் சங்கீதங்களைப் பாடக் கற்றுக் கொடுத்தவர். 1136-இல் யுட்டா இறந்தபோது உடம்பைக் கழுவியவர்களில் ஹில்டெகார்ட்டும் ஒருவர். உள்ளாடைக்குக் கீழே ஒரு இரும்புச் சங்கிலி இருந்திருக்கிறது, அது அந்த உடம்பைச் சுற்றி மூன்று பள்ளம் பதித்திருந்தது. தவம் என்று அந்த அம்மா அதை யாருக்கும் சொல்லாமல் வருஷக் கணக்கில் கட்டியிருந்திருக்கிறார்.

இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தோன்றுவது இது. யுட்டாவுக்கு அடுத்து அந்த மடத்துப் பெண்களுக்குத் தலைவியான ஹில்டெகார்ட், ஆயுள் முழுக்க அளவோடு இரு, அளவோடு நோன்பு இரு, உடம்பை வதைக்காதே என்று எழுதிக்கொண்டே இருந்தாரே, அந்தப் பேச்சு அந்தச் சங்கிலியைக் கையில் எடுத்த நாளில் தொடங்கியதாகத்தான் இருக்க வேண்டும். நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்றபோது எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மழை வலுத்துவிட்டது. இறங்கி ஓடர்ன்ஹைம் ஊருக்குள் வந்தபோது முழுக்க நனைந்திருந்தேன், பசி வேறு. ஒரு வீட்டின் கார் கொட்டகையில் நீள மேசை போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் டீக்கடை ஏதாவது உண்டா என்று கேட்டேன். எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா பதில் சொல்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தட்டில் இரண்டு துண்டு ப்ளம் பழக் கேக். செப்டம்பரில் இங்கே எல்லா வீட்டிலும் செய்வார்கள், ரொட்டி மாவின் மேல் பழத்தைப் பிளந்து வரிசையாக அடுக்கிச் சுடுவது, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். சூடான காபி. பேரனுடைய பிறந்தநாளாம். நான் நீட்டிய ஐந்து யூரோ நோட்டை மடித்து என் உள்ளங்கையிலேயே வைத்து அழுத்தினார். "ஹில்டெகார்டைப் பார்க்க வந்தவளிடம் காசு வாங்குவதா?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

ராத்திரி பாட் சோபெர்ன்ஹைமில் ஒரு வீட்டு மாடி அறை, 48 யூரோ. தொண்டை கரகரக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கார அம்மா கேட்காமலே சோம்புத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து தந்தார்.

செப்டம்பர் 15, திங்கள் – பிங்கன்

போக நினைத்திருந்த அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை. ரைன் கரையில் நடந்தேன். ஆற்றின் நடுவில் ஒரு தீவு, அதில் மஞ்சள் நிறக் கோபுரம், எலிக் கோபுரம் என்று பெயர். எதிர்க் கரை முழுக்கத் திராட்சைச் சரிவு, அதன் நடுவே உயரத்தில் இரட்டைக் கோபுரத்தோடு ஒரு பெரிய மடம் தெரிந்தது. அதுதான் இன்றைய ஹில்டெகார்ட் மடம். புதன்கிழமைக்கு அதை வைத்திருக்கிறேன்.

ஊருக்குள் எங்கே திரும்பினாலும் அவர் பெயர்தான். ஒரு கடையில் நுழைந்தேன். எங்கள் தாத்தா தூத்துக்குடியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர், அதனால் இந்த மாதிரி வாசனை வந்தால் கால் தானாக உள்ளே போய்விடும். அலமாரியில் 'கால்கன்ட்' என்று எழுதிய சின்னப் பொட்டலம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன், கடைக்காரப் பெண் சரி என்றார். முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. சித்தரத்தை! தாத்தா இருமலுக்கு வாயில் ஒதுக்கிக்கொள்ளக் கொடுக்கும் அதே சித்தரத்தை.

ஹில்டெகார்டுக்கு இது எப்படித் தெரியும்? ரைன் கரையில் சித்தரத்தை விளையாது. மிளகு, இஞ்சி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாமே நம் பக்கத்துக் கடலைக் கடந்து, அரபு வணிகர்கள் கைமாறி, வெனிஸ் வழியாக மேலே ஏறி வந்த சரக்குகள். அவர் 1150-களில் எழுதிய மருத்துவ நூலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட செடிகொடிகளைப் பற்றிச் சொல்கிறார், அதில் இவையும் வருகின்றன. நெஞ்சு வலிக்கும் நெஞ்சுப் பலவீனத்துக்கும் சித்தரத்தையைத் தின்னச் சொல்கிறார். ஒவ்வொன்றையும் இது சூடு, இது குளிர்ச்சி என்று பிரித்துத்தான் பேச்சையே தொடங்குகிறார். நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வது போலவே இருக்கிறது.

50 கிராம் பொடி 6 யூரோ 90. அம்மாவுக்கு போன் போட்டேன்.

"சித்தரத்தையா? ஏட்டி, அறுநூறு எழுநூறு ரூவாய்க்கா விக்கான்?"

"ஆமாம்மா."

"உங்க தாத்தா இருந்திருக்கணும். ஒரு மூட்டை கட்டி அனுப்பியிருப்பாவ." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தொண்டை என்ன இப்படி இருக்கு உனக்கு? அதிமதுரம் வாங்கு, பொடியைத் தொடாதே, குச்சியா வாங்கு."

அதிமதுரமும் அந்தக் கடையில் இருந்தது. ஹில்டெகார்ட் அதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: எப்படித் தின்றாலும் குரலைத் தெளிவாக்கும், மனதை இதமாக்கும், கண்ணுக்கு நல்லது. எங்கள் பாடகர் குழு மாஸ்டர் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே எங்களை அதிமதுரம் மெல்ல வைப்பார், வாய் முழுக்க அந்தத் திகட்டுகிற இனிப்போடு ஒத்திகைக்கு நிற்போம். அந்தப் பெண்மணிக்கும் பாட வேண்டிய பெண்கள் கூட்டம் ஒன்று கையில் இருந்தது. அந்தக் கடையில் நிற்கும்போதுதான் மருந்தும் பாட்டும் அவரிடம் தனித்தனியாக இருந்திருக்காது என்று பட்டது. குச்சி 3 யூரோ 20. வாயில் போட்டுக்கொண்டேன்.

பிஸ்கட்டும் வாங்கினேன். ஜாதிக்காய், பட்டை, கிராம்பு போட்டது. மனக்கசப்பு நீங்கி உள்ளம் மகிழ இதைத் தின்னச் சொன்னாராம். நன்றாகவே இருந்தது, ஆனால் நம் ஊர் பேக்கரி மசாலா பிஸ்கட் அளவுக்கு இல்லை.

சாயங்காலம் ஒரு தோட்டக்காரர் வாசலில் ஃபெடர்வைஸர் விற்றார். திராட்சைச் சாறு பாதி புளித்த நிலையில், கலங்கலாக, நுரையோடு இருக்கும் புது மது. அறுவடை சமயத்தில் சில வாரம்தான் கிடைக்கும். இனிப்பும் புளிப்பும் நாக்கில் சுரீர் என்பதும், அப்பா மண்பானையில் வாங்கி வரும் பனங்கள்ளை அப்படியே நினைவுபடுத்தியது. கூடவே சூடான வெங்காயப் பணியாரம் மாதிரி ஒரு அடை, துண்டு 4 யூரோ 50. ஒரு லிட்டர் பாட்டிலும் வாங்கி அறைக்குக் கொண்டுபோனேன்.

செப்டம்பர் 16, செவ்வாய் – ரூபர்ட்ஸ்பெர்க்

தங்கியிருப்பது நாஹே ஆற்றுக்கு மறுகரையில், பிங்கர்ப்ரூக்கில். இந்தப் பகுதியில்தான் ஹில்டெகார்ட் தாமே கட்டிய மடம் இருந்தது.

டிசிபோடென்பெர்க்கை விட்டு வர அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1141-இல், நாற்பத்திரண்டு வயதில், தான் குழந்தையிலிருந்தே கண்டுவந்த தெய்வக் காட்சிகளை எழுதத் தொடங்கினார். மடத்துத் துறவி ஃபோல்மார் லத்தீன் இலக்கணத்தைச் சரிபார்த்துக் கொடுத்தார். 1147-48 குளிர்காலத்தில் ட்ரியர் நகரில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் திருத்தந்தை மூன்றாம் யூஜின் அந்த எழுத்துக்கு ஒப்புதல் தந்தார். பெயர் பரவியது, பெண்கள் வந்து சேர்ந்தார்கள், அவர்களோடு சீதனமும் வந்தது. தனி மடம் வேண்டும் என்றார். மடத்து அதிபர் விடவில்லை. ஹில்டெகார்ட் படுத்துவிட்டார். அதிபர் நேரில் வந்து தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார், கல்லாகக் கிடந்த அந்த உடம்பை அசைக்கக்கூட முடியவில்லை. பயந்துபோய் அனுமதி கொடுத்தார். 1150 வாக்கில் இருபது பெண்களோடு இங்கே வந்தார். பின்னால் அவரிடம் செயலராக வந்த கிபெர்ட் என்ற துறவி, எல்லா வேலை அறைகளுக்கும் குழாயில் தண்ணீர் வந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். தண்ணீர் சுமந்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால், அவர் செய்ததில் இது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மடத்தைத் தேடிப் போனால் மடம் இல்லை. 1632-இல், முப்பதாண்டுப் போரில், சுவீடன் படை எரித்துவிட்டது. மிச்சமிருந்த இடிபாட்டையும் 1857-இல் நாஹே ரயில் பாதை போடுவதற்காகப் பாறையோடு வெடி வைத்துத் தகர்த்தார்கள். கோயிலின் ஐந்து வளைவுகள் மட்டும் ஒரு கட்டடத்துக்குள் இருக்கின்றன, நான் போன நேரம் பூட்டியிருந்தது. கீழே தண்டவாளங்கள். பிங்கன் ஹவுப்ட்பான்ஹோஃப் ஸ்டேஷன் இந்தப் பாறையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. சரக்கு ரயில் போகும்போது காலுக்குக் கீழே தரை அதிர்கிறது.

நான் இங்கே வர வேண்டும் என்று நினைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கதையைக் கடைகளில் யாரும் விற்பதில்லை.

1178. ஹில்டெகார்டுக்கு எண்பது வயது. ஒரு காலத்தில் சபைநீக்கம் செய்யப்பட்டிருந்த பிரபு ஒருவர் இறந்துபோகிறார். சாவதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்து (குருவிடம் பாவங்களை ஒப்புக்கொண்டு), நற்கருணை அப்பம் வாங்கி, திருச்சபையோடு ஒப்புரவானவர். இந்த மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்கிறார்கள். மைன்ஸ் மறைமாவட்ட அதிகாரிகளிடமிருந்து உத்தரவு வருகிறது: தோண்டி வெளியே எறி. எறியாவிட்டால் வழிபாட்டுத் தடை. மணி அடிக்கக் கூடாது, நற்கருணை கிடையாது, பாடக் கூடாது. செபத்தைக் கதவை மூடிக்கொண்டு தணிந்த குரலில் வாசிக்க மட்டும் செய்யலாம்.

அந்தப் பாட்டி தோண்டவில்லை. தன் கோலால் அந்தக் குழியின் மேல் சிலுவை வரைந்து, இடம் யாருக்கும் தெரியாதபடி அடையாளங்களை அழித்துவிட்டார் என்று சொல்கிறார்கள். ஆனால் தடையை மீறவும் இல்லை. பாட்டு நின்றது. மெட்டுகளெல்லாம் எழுதி, இந்தப் பெண்களுக்கு ஒரு இசை நாடகமே செய்து கொடுத்து, முப்பது வருஷமாக இந்தப் பாறைமேல் தினம் ஏழெட்டு வேளை பாட வைத்தவர், முணுமுணுப்பாக வாசித்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது மைன்ஸ் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதம்தான் அவர் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஆதாம் விழுவதற்கு முன் அவன் குரலில் வானதூதர்களின் இசை முழுக்க இருந்தது, மனிதன் பாடும்போது அந்த இழந்த குரலைத் தேடுகிறான், சாத்தானுக்கு அது பொறுக்கவில்லை, அதனால் பாட்டைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று எழுதுகிறார். ஆன்மாவே இசையால் ஆனது என்கிறார். கடைசியில் எச்சரிக்கை: தகுந்த காரணம் இல்லாமல் பூமியில் கடவுளின் புகழ்ப்பாட்டை நிறுத்துகிறவர்களுக்கு, விண்ணகத்தில் பாடும் தூதர்களோடு இடம் இருக்காது. எண்பது வயதில், கடவுளின் பெயரைச் சொல்லித் தடை போட்டவர்களுக்கே இப்படி!

2020-இல் கொரோனாவில் கோயில்கள் மூடிக் கிடந்தபோது பாஸ்கா திருவிழிப்பு அன்று, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, நான் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். அந்நேரம் பெரிய மணி அடிக்க, நாங்கள் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டைப் பாடிக்கொண்டிருக்க வேண்டும். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. நெஞ்சில் யாரோ கை வைத்து அழுத்துவது போல இருந்தது. எனக்கு அது ஒரு நோய்க்காலத்து ஏற்பாடு. ஒரு பிணத்தைத் தோண்ட மாட்டேன் என்று சொன்னதற்காக அதைத் தாங்குவது வேறு.

மைன்ஸ் பேராயர் கிறிஸ்தியான் அப்போது இத்தாலியில் இருந்தார். கொலோன் பேராயர் ஃபிலிப் குறுக்கிட்டுப் பேசினார். கடிதங்கள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போய் வந்தன. 1179 மார்ச்சில் தடை நீங்கியது. செப்டம்பர் 17-இல் ஹில்டெகார்ட் இறந்தார். ஆறு மாதம் பாட்டைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தத் தண்டவாளத்துக்கு மேலே இருந்த ஏதோ ஒரு இடத்தில்தான் அந்தப் பிரபுவின் குழி.

ராத்திரி அறைக்கு வந்தால் பை நனைந்திருக்கிறது. ஃபெடர்வைஸர் பாட்டிலின் மூடியை இறுக்கமாக மூட மாட்டார்கள், உள்ளே இன்னும் புளித்துக்கொண்டிருப்பதால் காற்று போக வழி விட்டிருப்பார்கள். நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லித்தான் கொடுத்தார். பை சரிந்திருக்கிறது. திருநாளுக்கென்று கொண்டுவந்த சுடிதார் முழுக்கப் பிசுபிசுப்பு.

செப்டம்பர் 17, புதன் – ஐபிங்கன்

விடிகாலையில் சுடிதாரை வாஷ்பேசினில் அலசினேன், காயவில்லை. நடைப் பயணத்துக்குக் கொண்டுவந்த பேன்ட்டையே போட்டுக்கொண்டேன். இந்த வேலையில் ஒரு படகு தவறிவிட்டது. பிங்கனிலிருந்து ரூடெஸ்ஹைமுக்கு ஆற்றைக் கடக்கக் கார்களையும் ஏற்றிக்கொள்ளும் படகு இருக்கிறது, பத்து நிமிடப் பயணம். ஆற்றில் பனி மூட்டம், எதிர்க் கரை தெரியவே இல்லை. ஹில்டெகார்ட்டும் இப்படித்தான் போனார், 1165-இல் ஐபிங்கனில் இரண்டாவது மடம் ஏற்படுத்திய பிறகு, வாரம் இரண்டு முறை ஆற்றைக் கடந்து.

ஐபிங்கன் ரூடெஸ்ஹைமுக்கு மேலே இருக்கும் சின்ன ஊர். பழைய மடம் இருந்த இடத்தில் இப்போது பங்குக் கோயில். 1932-இல் தீப்பிடித்து எரிந்து, 1935-இல் திரும்பக் கட்டியது. நான் போனபோது திருப்பலி தொடங்கி, வாசல் வரைக்கும் கூட்டம். பேன்ட்டோடு பின்னால் நின்றேன். கடைசி பெஞ்சிலிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்து, பக்கத்திலிருந்த கணவரை முழங்கையால் தள்ளி எனக்கு ஒரு சாண் இடம் பண்ணிக் கொடுத்தார். பாட்டுத் தாளையும் என் பக்கம் நகர்த்திப் பிடித்தார். எனக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை, கீழ் சுருதியில் மெதுவாகப் பாடினேன். அவர் நன்றாகவே பாடினார்.

மதியம் தெருவில் போட்டிருந்த மேசையில் உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும், 5 யூரோ.

பிற்பகலில் மாலைச் செபம் முடிந்து பவனி. பொன் பூசிய, வீட்டுக் கூரை போட்ட மாதிரியான பேழை, 1929-இல் செய்தது. ரூபர்ட்ஸ்பெர்க் எரிந்தபோது கன்னியர்கள் அவருடைய எலும்புகளை எடுத்துக்கொண்டு ஓடி, கடைசியில் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பேழைக்குள் அவருடைய மண்டையோடு, முடி, இதயம், நாக்கு இருப்பதாகப் பெஞ்சில் இடம் கொடுத்த அந்தப் பெண் சொன்னார். நாக்கு என்றதும் நேற்றைய கடிதம் ஞாபகம் வந்தது, ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

எங்கள் ஊர்ப் பவனியோடு ஒப்பிட்டால் மிகவும் அடக்கமானது. வெடி இல்லை, பேண்டு மேளம் முழங்கித் தள்ளவில்லை, யாரும் உப்பு மிளகு போடவில்லை. ஆனால் பேழையைத் தோளில் தூக்கியவர்கள் ஒரு சரிவில் இறங்கும்போது முன்னால் இருந்தவர் கை உயர்த்த, எல்லோரும் ஒரே சமயம் காலடியைச் சின்னதாக்கினார்கள். பனிமய மாதா தேர் திரும்பும்போது வடம் பிடிப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அதே முகங்கள். ஒரு வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த தாத்தாவுக்கு நேராக வந்ததும் ஒரு கணம் நின்றார்கள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே மேலே ஏறி இரட்டைக் கோபுர மடத்துக்குப் போனேன். இருபது நிமிட ஏற்றம். கன்னியர்கள் தம் தோட்டத்து மதுவைத் தாமே செய்து விற்கிறார்கள். ஆனால் நான் போனது அவர்கள் பாடுவதைக் கேட்க. பெண் குரல்கள் மட்டும், ஒரு பக்கம் ஒரு வரி, எதிர்ப் பக்கம் அடுத்த வரி. இரண்டு வரிக்கும் நடுவே ஒரு சின்ன மௌனம் விடுகிறார்கள், அவசரமே இல்லை. ஒரு கன்னியாஸ்திரி மிகவும் வயதானவர், பக்கத்தில் இருந்தவர் அவருக்குப் பக்கம் புரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாடும்போது அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 18, வியாழன் – மறுபடி மடம், அப்புறம் பிங்கர்ப்ரூக்

காலையில் வெயில். லீவின் கடைசி நாள் என்பதால் மறுபடியும் படகேறி மடத்துக்கே போய்விட்டேன். கோயில் சுவர் முழுக்க நீலமும் பொன்னுமாக ஓவியங்கள், ஹில்டெகார்டின் வாழ்க்கையும் இருக்கிறது. இந்த மடம் புதியது, 1904-இல் பிராகிலிருந்து கன்னியர்கள் வந்து தொடங்கியது. 1941-இல் நாஜிகள் அவர்களை வெளியேற்றினார்கள், 1945-இல் திரும்பி வந்தார்கள்.

மடத்துக் கடையில் அவருடைய காட்சிகளின் வண்ணப் படங்கள் அட்டையாகக் கிடைக்கின்றன. மூன்று வாங்கினேன். தலையில் நெருப்பு நாக்குகள் இறங்க, மெழுகுப் பலகையும் கையுமாக அவர் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. மூல ஏடு ரூபர்ட்ஸ்பெர்க்கில் அவர் காலத்திலோ சற்றுப் பின்னரோ எழுதியது, 35 படங்கள். போரில் பாதுகாப்புக்காக டிரெஸ்டனுக்கு அனுப்பினார்கள், 1945-க்குப் பிறகு அதைக் காணோம். ஆனால் 1927-லிருந்து 1933 வரை இந்த மடத்துக் கன்னியர்கள் உட்கார்ந்து அந்த ஏட்டைத் தோலில் கையாலேயே, நிறம் மாறாமல் பிரதி எடுத்து முடித்திருந்தார்கள். அந்தப் பிரதிதான் இன்று இருக்கிறது. நான் கையில் வைத்திருக்கும் இந்த நீலம், அந்தப் பெண்கள் கலக்கிய நீலம். ஆறு வருஷம் எதற்காக இந்த வேலை என்று அப்போது யாராவது அவர்களைக் கேட்டிருப்பார்களோ என்னவோ.

திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2012-இல்தான் ஹில்டெகார்டை முறைப்படி புனிதராக அறிவித்து, அதே வருஷம் அக்டோபரில் மறைவல்லுநர் (திருச்சபையின் பேராசான்) என்ற பட்டமும் கொடுத்தார். அந்தப் பட்டம் பெற்ற பெண்கள் நான்கே பேர். ஆனால் நூற்றாண்டுகளாக அதற்கெல்லாம் காத்திராமல் இந்த ஊர்க்காரர்கள் திருநாள் கொண்டாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

படகில் திரும்பும்போது காற்று அடித்தது. அறையில் சுடிதார் காய்ந்திருந்தது, லேசான திராட்சை வாடை மட்டும் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். ரயில் 40 நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் பெருமூச்சு விட்டான். அவனுக்கு ஜாதிக்காய் பிஸ்கட் இரண்டு கொடுத்தேன், இதைத் தின்றால் கோபம் போகுமாம் என்று சொல்லி. தின்றுவிட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று கேட்டான்.

பிஸ்கட் பொட்டலத்தை அவனிடமே கொடுத்துவிட்டு, அதிமதுரக் குச்சியில் மிச்சமிருந்ததை வாயில் ஒதுக்கிக்கொண்டு, பாறைச் சுவர் தெரிகிற பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போனேன். ஒரு சரக்கு ரயில் போய் முடிகிற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் பாடினேன். குரல் பாதிதான் வந்தது.